வழியில் நிற்காதே, வெளிச்சத்தில் நில்!

சேரமான் பெருமாள் தந்த பொன்னும் பொருளும் சுமந்து, சேரநாட்டிலிருந்து திரும்பி வந்தாராம் சுந்தரர். திருமுருகன்பூண்டி அருகே வேடர்கள் வளைத்தனர், அத்தனையும் பறித்தனர். வேடர் வேடத்தில் வந்தவை சிவனின் பூதகணங்கள் என்கிறது பெரியபுராணம். பாடினார் சுந்தரர்; பறிபோன பொருள் மீண்டது என்று கதை முடிகிறது.

கதை முடிந்தது, களவு முடியவில்லை, தோழர்களே! இன்றும் அதே கணவாய், அதே கொங்குச் சீமை! வாளையாறு தாண்டி, மதுக்கரை, அவிநாசி, பெருந்துறை, சங்ககிரி வழியாகச் சேலம் நோக்கி ஓடுகிறது கொச்சி நெடுஞ்சாலை. இந்தச் சாலையில் பறிகொடுத்தவன் பாடினால் பொருள் திரும்புமா? அழுதாலும் திரும்பாது!

2024 ஜூன் மாதம், மதுக்கரை அருகே நள்ளிரவு நேரம். பெங்களூரிலிருந்து கேரளத்துக்குத் திரும்பிய காரை, கார்களில் வந்த முகமூடிக் கும்பல் மறித்தது. கண்ணாடி நொறுங்கியது. ஆயினும் காரில் இருந்தவர்கள் இறங்கவில்லை, மல்லுக்கு நிற்கவில்லை. வண்டியை விரட்டித் தப்பினார்கள். நடந்தது அனைத்தையும் காரிலிருந்த கேமரா பதிவு செய்தது, நாடே பார்த்தது. பின்னர்க் கைதானவர்களில் இராணுவத்தில் பணியாற்றியவரும் ஒருவர்!

அவர்களைக் காத்தது எது? தோள்வலியா? இல்லை, சுழன்ற சக்கரம்! குற்றத்துக்குச் சாட்சி நின்றது எது? சின்னஞ்சிறு கேமரா!

கள்வன் கத்தியோடு மட்டும் வருவதில்லை, கனிவோடும் வருவான். "ஏனுங்கண்ணா, பின் டயர்ல காத்து எறங்குதுங்க!" என்பான். லேசாக இடித்துவிட்டு, "இறங்கி வா, பேசுவோம்" என்பான். இருட்டில் இறங்காதே, தம்பி! மெதுவாக உருட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கோ, சுங்கச்சாவடிக்கோ, நாலு பேர் இருக்கும் டீக்கடைக்கோ வந்து பார். கதவைப் பூட்டி வை. என்ன சரக்கு, எவ்வளவு பணம், எந்த வழி என்பதை டீக்கடையில் சொல்லாதே. பின்தொடர்வதாகத் தோன்றினால் 112-ஐ அழை. பழுதாகி நின்றால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இடத்தைச் சொல்ல வேண்டுமே! கடந்து வந்த கிலோமீட்டர் கல்லை மனத்தில் குறித்துக்கொள். எல்லாம் மீறி ஆயுதம் கழுத்துக்கு வந்துவிட்டால், பொருளை விடு, உயிரைப் பிடி!

அப்படியானால், சாலையோரம் அடிபட்டுக் கிடப்பவனையும் கள்வன் என்று ஒதுக்கிச் செல்வதா? கூடாது! அச்சம் நம் மனிதத்தைத் திருட விடலாமா? இருட்டும் ஐயமும் இருந்தால், சற்றுத் தள்ளி வெளிச்சத்தில் நிறுத்தி, உடனே 108-ஐயும் 112-ஐயும் அழை. உதவியவனை வழக்கில் மாட்டிவிடாமல் காக்க, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தமே வந்திருக்கிறது.

இனி, முதலாளிகளுக்கு ஒரு சொல். கொள்ளைபோன செய்தி வந்ததும், "சரக்கு எங்கே?" என்று கேட்கும் நாக்கு, "நீ பிழைத்தாயா?" என்று முதலில் கேட்கட்டும்! லாரிக்காரன் ஏன் இருட்டோரத்தில் நிறுத்தித் தூங்குகிறான்? ஆசையா? அயர்வு! நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். இரவில் தங்க நேரும் இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றும் அது சொன்னது. ஏட்டில் ஓய்வறை; ஏழைக்குச் சாலையோரம்!

சுங்கம் வாங்கும் சாலை, சுமை தூக்கி வருபவனுக்கு விளக்கெரியும் நிறுத்துமிடமும், குளிக்கத் தண்ணீரும், படுக்க இடமும் தரவேண்டும். இரவில் ரோந்து வண்டி கண்ணில் பட வேண்டும். இது சலுகையல்ல, உரிமை! அதைச் சங்கத்தின் வாயிலாகக் கேட்போம்; கிடைக்கும்வரை கேட்போம்!

அதுவரை, ஸ்டியரிங் பிடித்த தோழனே, நினைவில் வை: சரக்கு போனால் வேறு சரக்கு வரும். வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பவளுக்கு வேறு நீ வரமாட்டாய்!