ஒலிபெருக்கிகள் ஒத்தியங்க வேண்டும்

மன்றத்தில் ஓர் ஒலிபெருக்கி போதவில்லையென்று அதனருகே மற்றொன்றையும் வைக்கின்றனர். ஒலி இருமடங்கு நிறைவுபெறும் என்று எதிர்பார்த்த வேளையில், மிருதங்கத்தின் இடந்தலை ஒலி மெலிந்து விடுகிறது. பாடகரின் குரலும் கனமிழக்கிறது. கருவி பழுதுற்றதென்று கருதிப் புதியது வாங்க முற்படுவோரும் உண்டு. ஆனால் குறை, கம்பிகளை இணைத்த முறையில் இருக்கக்கூடும்.

ஒலிபெருக்கியினுள் நிலைக்காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று அமைந்துள்ளது. அது ஒரு கூம்புடன் பிணைக்கப்பட்டிருக்கும். சுருளில் மின்னோட்டம் ஒரு திசையிற் பாயும்போது கூம்பு முன்னே தள்ளப்படுகிறது. திசை மாறினால் பின்னே இழுக்கப்படுகிறது. இத்தகைய ஒலிபெருக்கியின் செம்மையான வடிவத்தை அமெரிக்கப் பொறியாளர்களான ரைஸ், கெல்லாக் ஆகியோர் 1925-இல் வெளியிட்டனர். இரண்டு ஒலிபெருக்கிகளுள் ஒன்றன் கம்பிகள் மட்டும் இடம் மாறிவிட்டால், ஒரு கூம்பு காற்றை நெருக்கும் அதே கணத்தில் மற்றது அதனை நெகிழ்விக்கிறது. ஒன்றன் பணியை மற்றொன்று அழிக்கிறது.

இவ்விழப்பு தாழ்ந்த ஒலிகளிலேயே மிகுதி. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு 50 அதிர்வுகளுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு ஒலிபெருக்கிகளின் எதிரெதிர் அலைகள் மன்றமெங்கும் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. 3,400 அதிர்வுகளுடைய ஒலிக்கோ அலைநீளம் 10 சென்டிமீட்டரே. ஆதலின் அவ்வொலி ஓரிடத்தில் நலிந்தும் அடுத்த இடத்தில் வலுத்தும் கேட்கும், முற்றிலும் மறைவதில்லை.

பிழையைக் கண்டறிவது எளிது. பெருக்கியை நிறுத்தி, ஒலிபெருக்கியை அதனின்று பிரித்துவிட வேண்டும். பின்னர் ஒன்றரை வோல்ட்டு மின்கலத்தின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும், எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டால், கூம்பு முன்னே நகர வேண்டும். இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்பதே முக்கியம். உச்ச ஒலிக்கான சிறு ஒலிபெருக்கிகளையும், குழல் வடிவ ஒலிபெருக்கிகளையும் இவ்வாறு சோதித்தல் ஆகாது.

கூம்பு கண்ணுக்குப் புலனாகாவிடில் செவியே துணை. இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே குரலை இரண்டிலும் ஒலிக்கச் செய்க. பிறகு பெருக்கியை நிறுத்தி, ஒன்றன் கம்பிகளை மட்டும் மாற்றி மீண்டும் கேட்க. எந்த இணைப்பில் தாழ்ந்த ஒலி நிறைவாகக் கேட்கிறதோ, அதுவே சரியானது. இரட்டைக் கம்பிகள் பலவற்றில் ஒன்றன்மீது கோடோ வரம்போ இருக்கும். அக்கம்பியை எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரே முனையில் இணைத்து வந்தால் இப்பிழை நேராது.