மேடையில் கிடந்த பாடபேதங்கள்: பட்டி ஸ்மித்தைக் கேட்டவர்களின் நினைவு குறித்து

பட்டி ஸ்மித்தின் மேடை நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் எழுதியும் பேசியும் வைத்திருக்கும் நினைவுகளைத் தொடர்ந்து படித்துக்கொண்டு போனால் ஒன்று உறுத்துகிறது. பாட்டைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. மேடையில் காறித் துப்பியது, கிதாரின் தந்திகளைப் பிடுங்கி அறுத்தது, பாதிப் பாட்டில் வரி மறந்துபோய்ச் சிரித்தது, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்து வாசித்தது, இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஏதோ கதை சொல்ல ஆரம்பித்து அதிலேயே நேரம் போனது, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இலக்கிய விமர்சகருக்கு இதெல்லாம் வம்பு, பிரதிக்கு வெளியே கிடக்கும் சமாச்சாரம். நான் சொல்ல வருவது, அந்த வம்பில்தான் பிரதியே இருக்கிறது என்பது. கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொன்னால், அச்சிட்ட புத்தகத்திலும் இசைத்தட்டிலும் கிடைக்காத ஒரு பிரதி அங்கே மட்டும்தான் கிடைக்கிறது.

ஸ்மித் பாடகியாக ஆரம்பித்தவர் அல்ல. 1946இல் சிகாகோவில் பிறந்து, நியூ ஜெர்சியில் வளர்ந்து, கொஞ்ச காலம் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, 1967இல் நியூயார்க்குக்கு வந்த கவிஞர். ரேம்போவும் பாப் டிலனும் அவருக்கு ஒரே வரிசை. 1971 பிப்ரவரி 10 அன்று, அங்குள்ள செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில், ஜெரார்ட் மலாங்காவின் கவிதை வாசிப்புக்கு முன்னால் வாசிக்க அவருக்கு இடம் கிடைத்தது. 1966இலிருந்தே 'பொயட்ரி பிராஜெக்ட்' என்ற அமைப்பு அந்தத் தேவாலயத்தில் வாசிப்புகள் நடத்திவந்தது. ஸ்மித் தன்னோடு லென்னி கேயைக் கூட்டிவந்தார். கே அப்போது ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ராக் இசை பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு கவிதையில் கார் விபத்து வருகிறது, அந்த மோதல் சத்தத்தைக் கிதாரில் எழுப்பித் தர முடியுமா என்பதுதான் அவரிடம் ஸ்மித் கேட்டது. ஆக, கவிதை வாசிக்கும் தேவாலயத்துக்குள் மின்கிதார் வந்தது மெட்டுப் போடுவதற்காக அல்ல, விபத்துச் சத்தத்துக்காக. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'பங்க்' என்ற பெயர் பரவலாவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. எழுபதுகளின் முற்பகுதியில் ராக் இசை பெரிய வியாபாரமாகிவிட்டிருந்தது. விளையாட்டரங்குகளில் நிகழ்ச்சி, நீளநீளமான கிதார் வித்தை, மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே காவலர் வரிசை. இதற்கு எதிராக வந்தவர்கள் மூன்று சுரக்கூட்டு தெரிந்தால் போதும் என்றார்கள். ஆளில்லாத மதுக்கூடங்களில் வாசித்தார்கள். நியூயார்க்கின் பவரி தெருவில் ஹில்லி கிரிஸ்டல் 1973 இறுதியில் திறந்த சிபிஜிபி அப்படி ஓர் இடம். நீண்டு குறுகிய கூடம், முந்நூற்றுச் சொச்சம் பேர் நெருக்கியடித்து நிற்கலாம். 1975 வசந்தத்தில் ஸ்மித்தின் குழுவும் 'டெலிவிஷன்' குழுவும் அங்கே வாரத்துக்கு நான்கு இரவு, இரவுக்கு இரண்டு ஆட்டம் என்று வாரக்கணக்கில் நிகழ்த்தினார்கள்.

இந்தக் கணக்கு முக்கியம். ஏனென்றால் அந்த நினைவுகள் ஒன்றோடொன்று ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. குழுவில் முதலில் டிரம்ஸ் கிடையாது. ரிச்சர்ட் ஸோலின் பியானோ, கேயின் கிதார், பிறகு ஐவன் க்ராலின் கிதார், அவ்வளவுதான். ஜே டீ டௌஹர்ட்டி டிரம்ஸோடு வந்து சேர்ந்தது அதற்கப்புறம். இரண்டு மூன்று சுரக்கூட்டுகளை வட்டமாகச் சுழலவிட்டு, அதன்மேல் ஸ்மித் பேசத் தொடங்குவார். பேச்சு கவிதையாகும், கவிதை பழைய ராக் பாட்டொன்றுக்குள் போய் விழும், மறுபடி வெளியே வரும். எங்கே திரும்புவது என்று முன்கூட்டித் தீர்மானம் இல்லை; அவருடைய குரலைப் பார்த்துத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள். முதல் ஆட்டத்தில் இருந்தது இரண்டாம் ஆட்டத்தில் இருக்காது. 'லேண்ட்' என்ற நீள் கவிதையை ஒருவர் ஒரு முடிவோடு நினைவில் வைத்திருக்க, இன்னொருவர் வேறொரு முடிவைச் சொல்வார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே 'பாடபேதம்' என்ற சொல் வராமல் இருக்காது. பல சுவடிகள், பல பாடங்கள். பதிப்பாசிரியர் ஒன்றை மேலே ஏற்றி மற்றவற்றை அடிக்குறிப்புக்குத் தள்ளுவார். எங்கோ ஒரு மூலபாடம் இருக்கிறது, காலமும் கரையானும் அதைச் சிதைத்துவிட்டன என்பது அந்த உழைப்பின் அடியில் உள்ள நம்பிக்கை. ஸ்மித்தின் விஷயத்தில் சிதைவதற்கு மூலமே இல்லை, பேதங்கள் மட்டும்தான். 1975இல் ஜான் கேல் தயாரிப்பில் 'ஹார்சஸ்' இசைத்தட்டு வந்தபோது இந்தச் சிக்கலை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். 'லேண்ட்' பதிவில் ஸ்மித்தின் ஒரு குரலை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. தனித்தனியே பதிவுசெய்த குரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். ஒரு குரல் ஒரு வரியில் இருக்கும்போதே இன்னொன்று குறுக்கே புகுந்து வேறு திசையில் போகிறது. பாடபேதத்தை அடிக்குறிப்பில் போடாமல் மூலத்தின் மேலேயே அச்சடித்தால் எப்படி இருக்கும், அது. அந்தத் தட்டில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடமும் அதுதான்.

நான் அவரை நேரில் பார்த்தவன் அல்ல. ஒலிப்பதிவுகள்தான். ஆனால் பதிவு இருப்பதனாலேயே நினைவு தேவையில்லை என்று ஆகிவிடுவதில்லை. 1976 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸின் ராக்ஸி அரங்கில் நடந்த நிகழ்ச்சி கள்ளத் தட்டாக வெளியாகி ரசிகர்களிடையே சுற்றியது. 1971 தேவாலய வாசிப்பின் ஒலிப்பதிவும் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்துவிட்டது. பின்னதைக் கேட்டால், புராணமாக வளர்ந்த அந்த இரவு சிறியதாகத்தான் தெரிகிறது. ஓர் இளம்பெண் வேகமாக, கொஞ்சம் படபடப்பாக, நிறையக் கேலியோடு பேசுகிறார். கிதார் ஓரிரு இடங்களில் முழங்குகிறது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு அது பெரிதாகப் பட்டதற்குக் காரணம் ஒலியில் இல்லை. அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தின் முன், அப்படிச் செய்யலாமா என்பதில் இருந்தது. ஒலிநாடாவில் அனுமதி மீறல் பதிவாவதில்லை.

நினைவு தகவலுக்கு நம்பகமான சாட்சியும் அல்ல. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் நடத்திய நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் சில டஜன் பேர்தான். 'நான் அங்கே இருந்தேன்' என்று பிற்பாடு சொன்னவர்களை எண்ணினால் அந்த மண்டபம் கொள்ளாது. இது தெரிந்த கதை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. போகாதவரும் போனதாகச் சொல்ல விரும்பும் ஒரு நிகழ்ச்சி, போனவரின் நினைவிலும் அதே ஆசையால்தான் திருத்தி எழுதப்படுகிறது. ரசிகர் சொல்வது அன்று மேடையில் நடந்ததை அல்ல. அன்றைக்குப் பிறகு தனக்கு நடந்ததை.

இதற்கு எல்லோரும் அறிந்த இரண்டு உதாரணங்கள் உண்டு. 1976இல் லண்டனில் ஸ்மித்தின் நிகழ்ச்சிக்கு வந்த இடத்தில், 14 வயது ஆரி அப்பும் டிரம்ஸ் கலைஞர் பாமாலிவும் சந்தித்துக்கொண்டார்கள். அதிலிருந்து பெண்களே நடத்திய 'ஸ்லிட்ஸ்' குழு உருவானது. 1978 ஆகஸ்ட் 31 அன்று மான்செஸ்டரின் அப்போலோ அரங்கில், அப்போது 19 வயதான மாரிஸ்ஸிக்கு 14 வயது ஜானி மார் அறிமுகமானார். நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து 'ஸ்மித்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். இந்த இரண்டு கதைகளும் ஆயிரம் முறை சொல்லப்பட்டவை. இரண்டிலும் மேடையில் என்ன பாடினார் என்பது கிட்டத்தட்ட வருவதே இல்லை. பக்கத்தில் யார் நின்றார் என்பதுதான் வருகிறது. மேடையைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெண் ரசிகர்களின் நினைவுகளைத் தனியாகப் படிக்க வேண்டும். ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த 'ஹார்சஸ்' அட்டைப்படத்தில் வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கும் கோட்டு, யாரையும் மயக்க நினைக்காத பார்வை. மேடையில் அது உடம்பாக அசைந்தபோது, ராக் மேடையில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இருக்கையே காலியாகிவிட்டது. அழகாகப் பாட வேண்டியதில்லை, அழகாக நிற்க வேண்டியதுகூட இல்லை. துப்பலாம். அந்த எச்சிலை ரசிகைகள் ஏன் மறக்கவில்லை என்பது இப்போது விளங்கும். நான் வம்பு என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இந்த நினைவுகளில் எனக்கு ஒவ்வாத பகுதியும் உண்டு. 'சாமியாடி', 'பூசாரிணி', 'அருள் வந்தவர்' என்கிற சொற்கள் அளவுக்கு மீறிப் புழங்குகின்றன. ஸ்மித்தே இதற்கு இடம் கொடுத்தவர்தான். ஆனால் இச்சொற்கள் உழைப்பை மறைக்கின்றன. வாரம் எட்டு ஆட்டம் ஆடித் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய ஒன்று, எங்கிருந்தோ இறங்கிவந்ததாக ஆகிவிடுகிறது. 1977 ஜனவரி 23 அன்று டாம்பா நகரில், பாப் சீகரின் நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாக நிகழ்த்தும்போது, சுழன்றாடிக்கொண்டிருந்த ஸ்மித் மேடையிலிருந்து கீழே விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. கடவுளைச் சவாலுக்கு இழுக்கும் பாட்டு அது என்பதால் இதை ஒரு தெய்வக் குற்றக் கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அதைவிட முக்கியம்: மாதக்கணக்கில் படுக்கை, பயிற்சி, அந்தக் காலத்தில் உருவான 'பேபல்' என்ற கவிதைத் தொகுப்பு, ஏப்ரலில் ஈஸ்டர் அன்று சிபிஜிபிக்குத் திரும்பியது. அருள் வந்தவருக்குக் கழுத்துப் பட்டை எதற்கு?

இன்னொன்றையும் ரசிகர்கள் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். 1978இல் வந்த 'ஈஸ்டர்' தட்டில், கறுப்பர்களை இழிவுசெய்யும் வசைச்சொல்லைத் தலைப்பாகவே வைத்த பாட்டு ஒன்று உண்டு. சமூகத்துக்கு வெளியே நிற்கும் கலைஞர் எல்லோருக்குமான கௌரவப் பட்டமாக அச்சொல்லை மாற்றுவது அவர் எண்ணம். மேடையில் பெரும் ஆரவாரத்தோடு பாடப்பட்ட பாட்டு அது; விடுதலையாக உணர்ந்தோம் என்கிறார்கள் அன்று கேட்டவர்கள். கூடவே சேர்ந்து கத்திய அந்தக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர்கள். வசைச்சொல்லைத் திருப்பி எடுத்து அணிந்துகொள்ளும் உரிமை வசவு வாங்கியவருக்கு உண்டு. விளிம்பில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்பவருக்கும் அது உண்டா? இந்தக் கேள்வியை ஸ்மித்தின் ரசிகராக இருந்துகொண்டே கேட்க முடியும், கேட்க வேண்டும். ஒரே அரங்கில் ஒருவருக்கு விடுதலையாக இருந்தது இன்னொருவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். அப்படி வராமல் போனவருக்கு நினைவுக்குறிப்பு எழுத எதுவுமில்லை.

1979 செப்டம்பரில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகர விளையாட்டரங்கில் சுமார் 70,000 பேர் முன் நிகழ்த்தியதோடு ஸ்மித் மேடையை விட்டார். முந்நூறு பேர் கூடத்தில் தொடங்கியது, எதை எதிர்த்துத் தொடங்கியதோ அதே அரங்குக்கு வந்து நின்றிருந்தது. ஃப்ரெட் ஸ்மித்தை மணந்து டெட்ராய்ட் பக்கம் குடும்பத்தோடு ஒதுங்கினார். நடுவே 1988இல் ஒரு தட்டு வந்தது. 1994இல் கணவர் இறந்தார். 1995 டிசம்பரில் டிலனோடு சுற்றுப்பயணம் போனபோதுதான் ஒழுங்காகத் திரும்பிவந்தார். இந்த இடைவெளியில் வளர்ந்த ரசிகர்கள் அவரைத் தட்டின் வழியாக மட்டும் அறிந்தவர்கள். அவர்களுக்குத் தட்டுதான் மூலபாடம், மேடை அதன் பேதம். 2005இல் லண்டனிலும், 2015இல் பல நகரங்களிலும் அவர் 'ஹார்சஸ்' முழுவதையும் வரிசைப்படி மேடையில் பாடினார். ஒரு காலத்தில் எந்த இரவும் இன்னொன்றைப் போல இல்லாத ஒன்று, இப்போது எந்தப் பாட்டு அடுத்து வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒன்றாகிவிட்டது. இதை வீழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு கலை. ஏறக்குறைய வழிபாடு.

இருந்தாலும் பிசகு அவரை விட்டுவிடவில்லை. 2006 அக்டோபர் 15 அன்று சிபிஜிபியின் கடைசி இரவில் அவர்தான் பாடினார். முடிவில், இறந்துபோன ராக் கலைஞர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 2016 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில், நோபல் விழாவுக்கு வராத டிலனுக்குப் பதிலாக டிலனின் பாட்டைப் பாடும்போது இரண்டாம் பத்தியில் தடுமாறி நின்றார். மன்னிப்புக் கேட்டார், பதற்றமாக இருக்கிறது என்றார், மறுபடி அந்த இடத்திலிருந்து தொடங்கினார். அரசகுடும்பம், வாத்தியக்குழு, உலகத் தொலைக்காட்சி எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க. அவமானத்தால் குறுகிப்போனதாகப் பின்னர் அவரே எழுதினார். மறுநாள் காலை உணவுக்கு இறங்கிப்போனபோது, பரிசு பெற்ற விஞ்ஞானிகள் பலர் அவரிடம் வந்து, எல்லோர் கண்முன்னாலும் அவர் பட்ட அந்தப் பாட்டைப் பாராட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பிசகில்லாமல் பாடி முடித்திருந்தால் வந்து பேசியிருப்பார்களா? அந்த விழாவில் யார் என்ன வாசித்தார் என்று கேட்டால் இன்று பலருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு பாட்டு பாதியில் நின்றது தெரியும்.