1,305 படிகளும் ஒரு நாழிகையும்

ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கர், 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த இத்தலத்தின் பழம்பெயர் திருக்கடிகை. பெரிய மலையில் யோக நரசிம்மரும் அமிர்தவல்லித் தாயாரும், சிறிய மலையில் சங்கு சக்கரம் ஏந்திய யோக ஆஞ்சநேயரும் எழுந்தருளியுள்ளனர். கடிகை என்பது ஒரு நாழிகை. அதாவது 24 நிமிடம். அவ்வளவு நேரம் இங்கே தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பது பெரியோர் நம்பிக்கை.

பெரிய மலைக்கு 1,305 படிகள். தூரம் குறைவு, ஏற்றமோ கடுமையானது. 2024 முதல் ரோப் கார் வசதி வந்துவிட்டது. ஆயினும், ஒரு முறையேனும் படியேறிச் சேவிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட முதியோர் இன்றும் உண்டு. மலையேறிப் பழக்கமில்லாத அவர்கள் ஒரு மாதம் முன்னரே ஆயத்தம் செய்வது நலம்.

முதலில் மருத்துவரின் இசைவு வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்கள் அவர் சொல்வதை மீறலாகாது. இசைவு கிடைத்தபின், நாள்தோறும் காலையில் ஒரு நாழிகை நடக்கலாம். தலத்தின் பெயரே பயிற்சிக்கு அளவாக அமைந்துவிடுகிறது! இரண்டாம் வாரம் முதல் மாடிப்படிகளைக் கைப்பிடி பற்றி ஏறி இறங்கிப் பழகலாம். இறங்கிப் பழகுவதும் முக்கியம். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் தளரும்.

கார்த்திகையில் பெருமாள் கண் திறந்து அருள்வதாக ஐதிகம். அம்மாதத்தில் கூட்டம் மிகுதியாதலால், முதன்முறை ஏறுவோர் வேறு மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெயில் ஏறினால் கற்படிகள் வெறுங்காலைச் சுடும். ஆகவே விடியற்காலையே புறப்படுதல் உத்தமம். இரண்டு இட்லி போன்ற எளிய உணவு போதும். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றுடன் ஏறலாகாது. மருந்தும் சிறிது கற்கண்டும் உடன் இருக்கட்டும். வானரங்கள் நிறைந்த மலையாதலால், தின்பண்டங்களை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லக்கூடாது, மூக்குக்கண்ணாடியும் பத்திரம். துணைக்கு ஒருவர் அவசியம்.

ஏறும் வேகத்திற்கு நாமஜபமே அளவுகோல். 'கோவிந்தா' என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் நடை சரி. சொல் பாதியில் அறுபட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். மார்பில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மேலே ஓரடியும் வைக்கலாகாது. உடனே துணைக்கு வந்தவரிடம் சொல்லி, மருத்துவ உதவி நாட வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தானே' என்ற எண்ணமே அவ்வேளையில் ஆபத்து.

சிறிய மலைக்கு 406 படிகள். இரு மலைகளையும் ஒரே நாளில் ஏறாமல், ஊரில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை ஆஞ்சநேயரைச் சேவிப்பது முதியோர்க்கு ஏற்றது.

பாதி வழியில் திரும்ப நேர்ந்தவர்கள் வேண்டுதல் பொய்த்ததே என்று கலங்க வேண்டியதில்லை. இத்தலத்து உற்சவர் மலைமேல் இல்லை. ஊருக்குள் உள்ள கோயிலிலேயே எழுந்தருளியிருக்கிறார். அவர் திருநாமம் பக்தவத்சலப் பெருமாள். அடியார்பால் தாயன்பு கொண்டவர் என்பது அதன் பொருள். ஏற இயலாதவர்க்காக இறங்கி வந்து காத்திருக்கும் அந்தப் பெருமாளின் சந்நிதியில் ஒரு நாழிகை அமர்ந்தாலும், அது திருக்கடிகையில் கழிந்த நாழிகையே.