பெருக்கல் குறி மறையும் நேரம்

வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அதன் மேல் கூம்புக் குடுவை. உள்ளே தண்ணீர்போலத் தெளிந்த சோடியம் தயோசல்பேட் கரைசல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றியதும் ஸ்டாப் வாட்ச்சைத் தட்ட வேண்டும். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு பால் தெளித்ததுபோல லேசாகக் கலங்கும், மஞ்சள் ஏறும், கந்தகத் துகள் பெருகிக் குறி மங்கி மறைந்தே போகும். வாட்ச்சை நிறுத்துங்கள். (கந்தக டை ஆக்சைடு நெடி மூக்கைத் துளைக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.)

இதையே பத்து டிகிரி கூடுதல் சூட்டில் செய்தால், குறி ஏறக்குறையப் பாதி நேரத்தில் மறைந்துவிடும்.

சூடானால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும், அடிக்கடி மோதும், அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அது தேறாது. 25 டிகிரியிலிருந்து 35க்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூட ஏறுவதில்லை. அது எப்படி வினைவேகத்தை இரண்டு மடங்காக்கும்?

கரும்புச் சர்க்கரை அமிலத்தில் உடைவதைப் பற்றி 1889இல் எழுதிய ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸ் இதற்கு விடை வைத்திருந்தார்: எல்லா மூலக்கூறும் வினையில் இறங்குவதில்லை. நடுவே ஒரு மேடு இருக்கிறது. ஏறிக் கடக்கத் தெம்புள்ளவைக்கே வழி. அந்த மேட்டின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். அது மோலுக்கு 53 கிலோ ஜூல் என்று வையுங்கள். 25 டிகிரியில் சுமார் 190 கோடியில் ஒன்றுக்குத்தான் அந்தத் தெம்பு இருக்கும். 35 டிகிரியில் 95 கோடியில் ஒன்றுக்கு. சராசரி பெரிதாக அசையவில்லை. மேட்டைக் கடக்கத் தெம்புள்ள கூட்டம் மட்டும் இரட்டித்துவிட்டது.

இனி வரைபடத்தாள். ஒன்றை நேரத்தால் வகுத்தால் வேகத்துக்கு ஓர் அளவு கிடைக்கும். அதை வெப்பநிலைக்கு எதிரே குறித்தால் மேல்நோக்கி வளையும் கோடு வரும். பார்க்க அழகுதான், ஆனால் ஸ்கேல் அதில் உட்காராது. மேட்டின் உயரத்தையும் வெப்பநிலையையும் வினைவேகத்தோடு இணைக்கும் அர்ரேனியஸ் சமன்பாட்டைக் கொண்டு அச்சுகளையே மாற்றலாம். குத்து அச்சில் வேகத்தின் இயல்மடக்கை. கிடை அச்சில் ஒன்றை வெப்பநிலையால் வகுத்தது. வளைவு நிமிர்ந்து, இடமிருந்து வலமாக இறங்கும் நேர்கோடாகும். அதன் சாய்வை, கழித்தல் குறியை விட்டுவிட்டு, வாயு மாறிலியான 8.314ஆல் பெருக்கினால் மேட்டின் உயரம் ஜூலில் கிடைக்கும். வெப்பநிலை கெல்வினில்தான் இருக்க வேண்டும். செல்சியஸில் போட்டவர், பனிக்கட்டி உருகும் 0 டிகிரிக்குப் புள்ளி வைக்கத் தாளைத் தேடி அலைய வேண்டியதுதான்.

முதன்முறை வரைந்தபோது என் ஐந்து புள்ளிகளில் நான்கு ஸ்கேலோடு ஒட்டி நின்றன. 60 டிகிரிப் புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கியது. மணி அடிக்கப் போகிற அவசரம். அந்த ஒரு முறை மட்டும் அமிலத்தைச் சூடாக்காமல் பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றியிருந்தேன். நோட்டில் எழுதியது 60. குடுவைக்குள் அவ்வளவு சூடு இல்லை.