நான் விலகினதுக்கு அப்புறம் யார் லாகின் பண்ணுவாங்க?



போன எபிசோடு கடைசியில ஒரு நேயர் கேள்வி வந்துச்சு: "எங்க ஊர் தமிழ்ப் பள்ளிக்கு வெப்சைட் போடணும், எந்த சிஎம்எஸ் எடுக்கலாம்?" நேரம் முடிஞ்சிருச்சுன்னு நான் "வேர்ட்பிரஸ்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த மெயில்களில் பாதி திட்டு. "2003-ல வந்த பிஎச்பி சரக்கைப் போய் இன்னிக்கும் சொல்றீங்களே" என்று ஒருத்தர். டுருபல்காரர் ஒருத்தர் மூணு பக்கம் எழுதியிருந்தார். அதில் ரெண்டரைப் பக்கம் சரியான விஷயம்தான். திட்டினவங்களுக்கு ஒரு தகவல்: போன வருஷம் வரைக்கும் நானும் உங்க கட்சி. ஏன் மாறினேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

நான் இருக்கிறது ஜெர்மனியில், நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம். என் பொண்ணு போகிற தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை மட்டும் நடக்கும். ஒரு பதிவு செய்யப்பட்ட சங்கம்தான் அதை நடத்துது; ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நிர்வாகக் குழு மாறும். எல்லாரும் தொண்டர்கள், பெரும்பாலும் எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள். "ஐடி தெரிஞ்ச தம்பி" என்று என் பெயர் அடிபட்டதும், வெப்சைட் என் தலையில் வந்து விழுந்தது. உங்களில் பலருக்கு இது நடந்திருக்கும்.

இருந்த தளம் டுருபல் 7. 2012-ல ஒரு அண்ணன் ரொம்ப நல்லாவே செஞ்சு வச்சிருந்தார். அவர் கனடாவுக்குப் போயிட்டார். டுருபல் 7-க்கான அதிகாரபூர்வ ஆதரவு, பல தடவை தள்ளிப்போட்டு, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடியும்னு அறிவிச்சிருந்தாங்க. இதில் ஒரு சிக்கல்: 7-லிருந்து 8-க்கோ 10-க்கோ போறது அப்டேட் பட்டனை அமுக்குற வேலை இல்லை. 8-வது பதிப்பில் உள்ளே இருந்ததையெல்லாம் சிம்ஃபனி மேல மாத்திக் கட்டிட்டாங்க. அதனால கிட்டத்தட்ட புதுத் தளம் கட்டி, தரவை இடம் மாத்தணும். சரி, எப்படியும் புதுசா கட்டப் போறோம், நாம நினைக்கிற மாதிரி கட்டுவோமேன்னு எனக்கு ஆசை வந்துச்சு.

2024 செப்டம்பரில் ஹ்யூகோவில் கட்டினேன். மார்க்டவுன் கோப்புகள், கிட், மேல டிகேப் (முன்னாடி நெட்லிஃபை சிஎம்எஸ் என்று பெயர்) எடிட்டர். டேட்டாபேஸ் கிடையாது, ஹேக் பண்ண ஒண்ணும் கிடையாது, ஹோஸ்டிங் செலவு பூஜ்யம், பக்கம் கண் சிமிட்டுறதுக்குள்ள திறக்கும். ஒரு இன்ஜினியரா இன்னிக்கும் சொல்வேன், அது நல்ல வேலை. அஞ்சு மாசத்தில் அதில் ஏறின அறிவிப்பு ரெண்டு. ரெண்டும் நான் போட்டது.

நிர்வாகி அக்காவுக்கு லாகின் கொடுத்தேன். உள்ளே போக ஒரு கிட் அக்கவுண்ட், அதுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, போனில் திறந்தா எடிட்டர் பாதி திரைக்கு வெளியே. அக்கா ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு, அப்புறம் எல்லாத்தையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பிச்சாங்க. நான்தான் சிஎம்எஸ்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விடிகாலை ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். வகுப்பு ரத்து. அக்கா எனக்கு மெசேஜ் அனுப்பினது 6:40-க்கு. நான் எழுந்து பார்த்தது 9:15-க்கு. பெற்றோர் குரூப்பில் இருந்தவங்களுக்குத் தகவல் போயிருச்சு. புதுசா சேர்ந்த குடும்பங்கள் இன்னும் அதில் இல்லை. தளத்தைப் பார்த்திருக்காங்க, ஒண்ணும் இல்லை, குழந்தைகளைக் கூட்டிட்டு அந்த ரோட்டில் வண்டி ஓட்டி வந்து பூட்டின கதவு முன்னாடி நின்னிருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா ஆகியிருக்கலாம். அக்கா என்னைக் கோவிச்சுக்கக்கூட இல்லை. "தம்பி, நீங்கள் நித்திரையெண்டு நினைச்சன். பரவாயில்லை. ஆனா நானே போடக்கூடிய மாதிரி ஒண்டு செய்து தாங்கோ" என்று மட்டும் சொன்னாங்க.

அந்த ஒரு வரிதான் முழுத் தேவைப் பட்டியல். அதை வச்சு மறுபடி தேர்வு செஞ்சேன்.

டுருபலை மறுபடி பார்த்தேன். தமிழ், ஜெர்மன் என்று ரெண்டு மொழித் தளத்துக்கு அதைப்போல எதுவும் இல்லை. பன்மொழி வசதி மையத்திலேயே இருக்கு. யார் எதைத் திருத்தலாம் என்பதை நுணுக்கமா பிரிக்கலாம். 2025 ஜனவரியில் சாதாரண ஆட்களுக்காகவே டுருபல் சிஎம்எஸ் என்று ஒரு எளிய வடிவமும் வந்துச்சு. ஆனா எனக்கு 2014 ஞாபகம் இருக்கு. அந்த அக்டோபர் 15-ஆம் தேதி டுருபல் 7-ல ஒரு மோசமான ஓட்டைக்கு பேட்ச் வந்தது. ஏழு மணி நேரத்துக்குள்ள அதைப் போடாதவங்க தங்கள் தளம் கைவிட்டுப் போனதாகவே எடுத்துக்கணும்னு டுருபல் பாதுகாப்புக் குழுவே பிறகு அறிவிச்சது. சனிக்கிழமை மட்டும் கூடுற ஒரு குழுவுக்கு ஏழு மணி நேரம் என்றால் என்ன அர்த்தம்? வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வந்த 3.7-லிருந்தே சின்ன பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே போட்டுக்குது. என் மனசு மாறினதுக்கு இது பெரிய காரணம். அழகான கோடு எழுதினவர் கனடா போன பிறகும் தானாக பேட்ச் ஆகிற சாதாரணக் கோடு எனக்குப் போதும்.

ஜூம்லாவிலும் பன்மொழி உள்ளேயே வருது, கெட்ட சாய்ஸ் இல்லை. எங்க வட்டாரத்தில் அது தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் கிடைக்கலை, அவ்வளவுதான். விக்ஸ் மாதிரி சேவைகளை நக்கல் பண்ணாதீங்க. அஞ்சு பக்கத் தளம், அப்டேட் கவலை வேண்டாம்னா அது நியாயமான தேர்வு. ஆனா விக்ஸில் கட்டின தளத்தை அப்படியே தூக்கி வேற சர்வரில் வைக்க முடியாது. இருபது வருஷத்து ஆவணம் வச்சிருக்கிற பள்ளிக்கு எனக்கு அது பயம்.

வேர்ட்பிரஸை எடுத்தேன். உலக வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுது என்பதை நான் தரச் சான்றிதழா எடுத்துக்கலை. அடுத்த குழுவில் அதைத் தொட்டுப் பழகின ஒருத்தராவது இருப்பார் என்கிற நிகழ்தகவா எடுத்துக்கிட்டேன். 2024-ல வேர்ட்பிரஸ் உலகத்தில் நடந்த சண்டையையும், ஒரு பிரபல ப்ளகினை அதிகாரபூர்வக் கிடங்கில் கைமாத்தினதையும் நீங்க எழுதியிருந்தீங்க. உண்மைதான், எனக்கும் பிடிக்கலை. அதனாலதான் ப்ளகின் அஞ்சுக்கு மேல் கிடையாதுன்னு விதி வச்சேன். பன்மொழிக்கு பாலிலாங், பேக்கப்புக்கு ஒண்ணு, காலண்டருக்கு ஒண்ணு, தொடர்புப் படிவத்துக்கு ஒண்ணு. அஞ்சாவது இடம் இன்னும் காலி. மாணவர் சேர்க்கைப் படிவம் தளத்தில் கிடையவே கிடையாது. பிள்ளைக்கு என்ன ஒவ்வாமைங்கிறதையெல்லாம் வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் வைக்க மாட்டேன்னு அடம் பிடிச்சேன்.

(ஒரு சின்ன சந்தோஷம்: வேர்ட்பிரஸில் ஜெர்மன் மொழியே ரெண்டு வகை. சாதாரண டொய்ச், அப்புறம் மரியாதை கொடுக்கிற "ஸீ" டொய்ச். நீ, நீங்க பிரச்சினை நமக்கு மட்டும் இல்லை.)

இப்போ, எந்த சிஎம்எஸ் ஒப்பீட்டிலும் வராத விஷயங்களுக்கு வர்றேன். தமிழ்.

முதல்ல முகவரி. வேர்ட்பிரஸ் தலைப்பை அப்படியே எடுத்து இணைப்பு முகவரி ஆக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8-ல மூணு பைட், அது முகவரியில் சதவீதக் குறி சேர்த்து ஒன்பது எழுத்தா விரியும். அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் வச்சிருக்கிற எல்லை 200. அதாவது 22 தமிழ்க் குறிதான் இடம், புள்ளியும் கொம்பும் தனித்தனியா எண்ணி. "பொங்கல் விழா ஒளிப்படங்கள்" என்று அக்கா போட்ட முதல் பதிவை எண்ணிப் பார்த்தேன்: 209. கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு "ஒளிப்படங்கள" என்று நின்னது! வாட்ஸ்அப்பில் ஒட்டினா வேற, அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறியும் எண்ணும். இப்போ முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதா போடுறதுன்னு முடிவு. தமிழ்ப்பற்று இல்லைன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

அடுத்தது தேடல். வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் எழுத்துச் சரத்தை அப்படியே ஒப்பிடும். "பொங்கல்" என்று தேடினா "பொங்கலுக்கு" கிடைக்காது. ஏன்னா ல்-லில் இருக்கிற புள்ளி, லு-வில் இல்லை. கடைசிப் புள்ளியை எடுத்துட்டு "பொங்கல" என்று தேடினா ரெண்டும் கிடைக்கும். இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பொறி: ஒகர உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாவும் எழுதலாம். திரையில் ரெண்டும் ஒண்ணு. தேடலுக்கு வேற வேற. பழைய மாற்றிகள் சில ரெண்டாவது வகையைத் துப்பும். உள்ளே ஏத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திக்கோங்க.

மாற்றி என்றதும் பாமினி. டுருபலுக்கும் முன்னாடி, 2003-லிருந்து போட்ட பக்கங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். அதாவது உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இருந்தாத்தான் தமிழாத் தெரியும். ஒவ்வொரு வருஷ மலரிலும் பிள்ளைகள் எழுதின கட்டுரைகள். யூனிகோடுக்கு மாத்த கருவிகள் நிறைய இருக்கு. பிரச்சினை, நடுநடுவே ஜெர்மன் கலந்திருக்கு. முழுப் பக்கத்தையும் மாற்றியில் போட்டா தெருப் பெயர், மண்டபத்தின் பெயர் எல்லாம் சேர்ந்து அர்த்தமில்லாத தமிழா மாறிடும். எது தமிழ், எது ஜெர்மன் என்று சொல்ற ஒரே சாட்சி பழைய எச்டிஎம்எல்-லில் இருக்கிற ஃபாண்ட் டேக். நான் முதல் தடவை பக்கங்களைக் காப்பி பண்ணி புது எடிட்டரில் ஒட்டினேன். டேக் எல்லாம் காணோம், சாட்சியும் போச்சு. நல்லவேளை, மூலக் கோப்புகள் பத்திரமா இருந்தது. மாத்துற வேலையை முதல்ல முடிச்சிட்டு அப்புறமா சிஎம்எஸ்-க்குள்ள கொண்டு போங்க. வரிசை மாறினா திரும்ப வழி இல்லை.

ஜெர்மனியில் இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒண்ணு, கூகுள் ஃபாண்ட்ஸை கூகுள் சர்வரிலிருந்தே இழுத்ததால் பார்வையாளரின் ஐபி முகவரி போச்சுன்னு 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வருஷமே பணம் கேட்டுக் கடிதங்கள் பல பேருக்கு வந்தது. தமிழ் எழுத்துருவுக்கு நாம பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழைத்தான் அங்கிருந்து இழுப்போம். வேர்ட்பிரஸ் 6.5-லிருந்து ஃபாண்ட் நூலகம் இருக்கு, நம்ம சர்வரிலேயே வச்சுக்கலாம். அப்படியே இம்பிரஸ்ஸம் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்க. எங்க தளத்தில் ரெண்டு குழுவுக்கு முந்தைய தலைவர் பெயர்தான் சட்டப்படி பொறுப்பாளரா இருந்தது. பாவம், அவருக்கே தெரியாது.

டொமைன், கனடா அண்ணனோட தனிப்பட்ட மெயிலில் பதிவாகியிருந்தது. அவர் நல்ல மனுஷன், ஒரு போனில் வேலை முடிஞ்சது. இப்போ டொமைன், ஹோஸ்டிங், அட்மின் மூணும் சங்கத்தோட மெயிலில். கடவுச்சொல் உறை பொருளாளர்கிட்ட. மார்ச்சிலிருந்து அக்கா போனிலிருந்தே அறிவிப்பு போடுறாங்க. ஹாம் அம்மன் தேர்த்திருவிழாவுக்காக வகுப்பு நேரம் மாறினதை நானே தளத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பாமினி பக்கங்கள் ஏற ஆரம்பிச்சதும் இளம் ஆசிரியை ஒருத்தங்க கேட்டாங்க, அங்கேயே படிச்சு வளர்ந்தவங்க: "அண்ணா, 2005 மலரில முயலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினனான், இருக்குதோ?" தேடினேன், இல்லை. அந்தக் காலத்தில் தலைப்பை எழுத்தா போடாம படமா போட்டிருக்காங்க. உள்ளே எங்கேயும் "முயல்" கிடையாது, "முயலுக்கு", "முயலின்" தான். புள்ளியை எடுத்துத் தேடினதும் வந்துச்சு. படிச்சுச் சிரிச்சாங்க, அம்மாவுக்கு அனுப்பினாங்க. அப்புறம் கீழே பார்த்தாங்க: ஒன்பது வயசுப் பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, ஊர். "இதை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றாங்க.

எனக்கு அது வரைக்கும் தோணவே இல்லை. இப்போ எல்லாக் கட்டுரையும் முதலெழுத்தோட மட்டும் ஏறுது, முழுப் பெயர் வேணும்னு எழுதினவங்களே கேட்டா போடுறோம். இன்னும் அறுபது பக்கம் பாக்கி. எழுத்துரு இல்லாமலேயே பாமினியை வாசிக்கிற ஆட்கள் உங்களில் யாராவது இருந்தா இந்த மெயிலுக்குப் பதில் போடுங்க, மெய்ப்பு பார்க்க ஆள் தேவை.