குறைமாதக் குழந்தையின் கை கால் அசைவுகள்: எது இயல்பு, எது அவசரம்?

"தொட்டாலே கை நடுங்குகிறது", "தூக்கத்தில் தூக்கிவாரிப் போடுகிறது", "முறுக்கி முறுக்கி முகம் சிவந்துபோகிறது". பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய முதல் மாதங்களில் பெற்றோர் எம்மிடம் கொண்டுவரும் ஐயங்கள் இவை. இவற்றுள் பல அஞ்சத்தக்கவை அல்ல. சில, ஒரு நாளும் காத்திருக்கக் கூடாதவை.

முதலில் வயதுக் கணக்கு. முழுக் கருவுற்ற காலம் 40 வாரம். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னதாக வந்துவிட்டது. எனவே பிறந்து 4 மாதம் ஆகும்போது அதனை ஏறத்தாழ 2 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிடவேண்டும். இதுவே 'திருத்திய வயது'. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து வருந்தும் தாய்மார்க்கு இக்கணக்கே பாதி ஆறுதல்.

நடுங்கும் கையை உள்ளங்கையால் மெல்லப் பற்றிச் சற்று மடக்கிப் பிடியுங்கள். நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வெறும் நடுக்கமே. ஆயினும் ஓயாத நடுக்கம் இரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைந்ததாலும் வரக்கூடும். பால் குடிக்க மறுத்து, சோர்ந்து நடுங்கும் குழந்தையை உடனே கொண்டுவருக. பிடித்தும் நில்லாமல் சீராக வெட்டி இழுத்தல், கண்கள் ஒருபுறம் நிலைகுத்துதல், காரணமின்றி வாய் சப்பிக்கொண்டே இருத்தல், மூச்சு நின்று உதடு நீலமாதல் ஆகியன வலிப்பின் அடையாளங்கள். 108 ஊர்தியை அழைக்கத் தயங்க வேண்டா.

தூக்கத் துள்ளலுக்கு இந்தப் பிடிக்கும் சோதனை பொருந்தாது. பிடித்தால் அது சில வேளை கூடவும் செய்யும். எழுப்பிப் பாருங்கள். விழித்தவுடன் முற்றிலும் நின்றால், தூக்கத்தில் மட்டுமே வந்தால், பெரும்பாலும் அது தீங்கற்றது. சில மாதங்களில் தானே மறையும்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்திற்குள், தூங்கி எழுந்தவுடன், தலை முன்னே கவிழ்ந்து கைகள் விரிய ஒரு வெட்டு. சில நொடி இடைவெளியில் மற்றொன்று. இப்படி வரிசையாக வரும். பார்ப்பதற்கு வயிற்றுவலி போலவும், திடுக்கிடல் போலவும் இருப்பதால் வீட்டார் மாந்தம் என்று எண்ணி வாரக்கணக்கில் கைமருந்து கொடுத்துவிடுகிறார்கள். இது குழந்தையின் மூளை வளர்ச்சியையே பின்னிழுக்கும் வலிப்பு வகை. சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்று. அன்றே வாருங்கள்.

உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் இட்டு உருட்டுவது நம் பகுதியில் இன்றும் உண்டு. பாட்டிமார் அன்பினால் செய்வதுதான். ஆனால் கழுத்து நில்லாத குறைமாதக் குழந்தைக்கு அது தீங்கு. வலிப்பின்போது வாயில் நீர் ஊற்றுவதும், கையில் சாவி திணிப்பதும் வேண்டா. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இயலுமாயின் கைப்பேசியில் அசைவைப் படம்பிடியுங்கள். புறநோயாளர் பிரிவுக்கு வந்ததும் அசைவு நின்றுபோவது வழக்கம். அரை நிமிடக் காணொளி எமக்குப் பெரிதும் உதவும். முகமும் கை கால்கள் நான்கும் தெரியவேண்டும்.

வலிப்பு இல்லாவிடினும் திருத்திய வயது 3 முதல் 5 மாதத்திற்குள் ஒருமுறை அவசியம் காட்டுங்கள். விழித்து அமைதியாக மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்திலும் கை கால்களிலும் அப்போது சிறுசிறு அசைவுகள் ஓயாது நிகழவேண்டும் என்பதை ஹைன்ஸ் பிரெக்டல் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். அவை இல்லையெனில் மூளை முடக்குவாதத்திற்கான வாய்ப்பு மிகுதி. உடனே இயன்முறைப் பயிற்சியைத் தொடங்கலாம். ஓராண்டுக்குள் ஒரு கையையே பயன்படுத்துவதும் கைராசியன்று. மற்றக் கையின் குறையாக இருக்கலாம்.

2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இப்பயிற்சிகள் கட்டணமின்றிக் கிடைக்கும். வரும்போது குழந்தையை வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சுருக்கத்தாளையும், தலை ஸ்கேன் அறிக்கையையும் மறவாது எடுத்துவாருங்கள்.