அடிபட்ட ஆமையும் அடைத்து வைத்தவர் கடமையும்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அழுதவாறு வந்தான். தொட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஓர் ஆமை இருந்தது. அதன் காதருகே செந்நிறக் கீற்று. முதுகு ஓட்டில் ஓரம் தொடங்கி நடுவரை ஒரு வெடிப்பு. அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“ஹஜ்ரத், இதை அறுத்துவிடலாமா?” என்று கேட்டான்.

விஷயம் இதுதான். சவூதியில் பணிபுரியும் அவன் வாப்பா விடுமுறையில் வந்தபோது வாங்கித் தந்த ஆமை அது. வெயில் காட்டுவதற்காக மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்தான். வேறு பக்கம் பார்த்த வேளையில் அது நகர்ந்து கீழே விழுந்துவிட்டது. வேதனைப்படுகிறதே, அறுத்துவிடுங்கள் என்றாராம் வீட்டிலிருந்த மூதாட்டி. ஊருணியில் விட்டுவிடு, தானே பிழைத்துக்கொள்ளும் என்றாராம் மாமா. அடுத்த வீட்டுக்காரரோ, செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டிவிடலாம் என்று பசையையும் கையோடு கொண்டு வந்துவிட்டாராம். மூவரும் இரக்கத்தினால்தான் சொன்னார்கள். எனினும் மூன்றும் தவறு.

முதற் கேள்விக்கு விடை கூற எனக்குக் கிதாபுகள் உதவின. ஷாஃபி மத்ஹபின் பிற்கால இமாம்கள் தேர்ந்த கருத்துப்படி ஆமை உண்ணத்தக்க பிராணி அன்று. உண்ணத்தகாத பிராணியை, அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகவேனும் அறுப்பது கூடாது என்பது அம்மத்ஹபின் சட்டம். பொன்னானியைச் சேர்ந்த ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஃபத்ஹுல் முயீன்’ கிதாபிலேயே இந்த மஸ்அலா இருக்கிறது. மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் தம் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளட்டும். ஆகவே, “கூடாது தம்பி, வைத்தியம் பார்க்க வேண்டும்” என்றேன்.

ஆனால் என்ன வைத்தியம்? அங்கேதான் என் அறிவு நின்றுவிட்டது. மஞ்சளை அரைத்துப் பூசு என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. சிறுவனையும் தொட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சென்றேன். ஆடு மாடுகளோடு வந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், மருத்துவர் சிரிக்கவில்லை.

ஆமையின் ஓட்டை நாம் நத்தைக் கூட்டைப் போல எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது அப்படியன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றாக இணைந்து விரிந்ததே மேலோடு. அதன்மேல் நம் நகம் போன்ற பொருளாலான தகடுகள் போர்த்தியிருக்கின்றன. உள்ளே இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, வலி உணர்கிறது. ஓடு உடைவது நமக்கு எலும்பு முறிவதைப் போன்றதே. அதைவிட ஆபத்தும் உண்டு. நுரையீரல்கள் மேலோட்டுக்கு நேர் கீழேயே இருப்பதால், வெடிப்பு ஆழமானால் மூச்சே அதன் வழியாக வெளியேறும். அத்தகைய ஆமையை நீரில் விட்டால் நீர் உள்ளே புகும். நீர்வாழ் பிராணிதானே என்று ஊருணியில் விட்டிருந்தால் கொன்றவர்களாகியிருப்போம்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலுக்குச் சேதமில்லை என்றார். முன்னங்கால் சதையில் ஓர் ஊசி போட்டு, மூன்று நாளைக்கொரு முறை அழைத்து வரச் சொன்னார். மீதியெல்லாம் வீட்டில் செய்யவேண்டிய பணிவிடைதான் என்று அவர் விளக்கியவற்றை, இத்தகைய ஆமை வளர்க்கும் வீடுகளுக்குப் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

அடிபட்டவுடன் ஆமையை நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரத்தம் வடிந்தால் தூய துணியால் சில நிமிடங்கள் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். மண்ணோ தூசியோ ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் கழுவலாம். ஆனால் வெடிப்பின் உள்ளே நீரைப் பீய்ச்சக்கூடாது. ஆழமான வெடிப்பாயின் சுற்றுப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். பொவிடோன் அயோடின் மருந்தை இளந்தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்து மேலோட்டமான காயத்தில் தொட்டு வைக்கலாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் ஆகாது. ஆடிக்கொண்டிருக்கும் ஓட்டுத் துண்டைப் பிடுங்கவும் கூடாது. மனிதருக்குத் தரும் வலி மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது மருந்தாகாது, நஞ்சாகலாம்.

பசை விஷயத்தை மருத்துவர் அழுத்திச் சொன்னார். வெடிப்பை மூடிவிட்டால் கண்ணுக்கு அழகாக இருக்கும். உள்ளே அகப்பட்ட அழுக்கு சீழ் பிடித்து எலும்பை அரித்துவிடும். சில ஓடுகளுக்குக் கம்பியும் தகடும் வைத்து இணைப்பது உண்டு. அது காயம் தூய்மையான பின் மருத்துவர் செய்யும் வேலை.

காயம்பட்ட ஆமையைக் காற்றுப் புகும் பெட்டி ஒன்றில், ஈரமான தூய துணியின்மேல் வைக்க வேண்டும். ஈயும் எறும்பும் அண்டக்கூடாது. நம் நாட்டில் இதுவே பெரிய அபாயம். ஓர் ஈ முட்டையிட்டுவிட்டால் புழு வைத்துவிடும். ஆமை தன் உடம்பில் தானே வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அன்று. சுற்றுப்புறம் குளிர்ந்தால் மருந்தும் சரிவர வேலை செய்யாது. எனவே குளிரூட்டிய அறையில் வைக்கலாகாது. அதற்காக உச்சி வெயிலில் வைத்தாலும் செத்துப்போகும். வாய் திறந்து மூச்சு வாங்குதல், காயத்தில் நுரைக்குமிழி எழுதல், பின்னங்கால்கள் அசையாதிருத்தல், துர்நாற்றம் வீசுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள்வரை காத்திருக்கலாகாது.

இவ்வினத்து ஆமைக்கு நீருக்குள் இருந்தால்தான் இரை விழுங்க வரும். ஆகையால் மருத்துவர் அனுமதித்த பின், காயம் நனையாத அளவுக்கு ஆழமற்ற நீரில் சிறிது நேரம் விட்டு, பக்கத்திலேயே இருந்து, இரை கொடுத்து, பின்பு துடைத்து எடுக்க வேண்டும். முதற் சில நாட்கள் உண்ணாவிட்டால் பதற வேண்டியதில்லை.

இப்பிராணியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவியே ஆக வேண்டும். நல்ல நிலையிலுள்ள ஆமையிடத்திலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். குழந்தைகள் நோயுற்றமையால் அமெரிக்காவில் 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்காக விற்பதையே தடை செய்தார்கள். தொட்டியைச் சமையற்கட்டில் கழுவலாகாது. தொழுகையாளிகளுக்கும் ஒரு சொல்: உயிருள்ள ஆமையின் உடல் நஜீஸ் அன்று, அதன் கழிவு நஜீஸ். அது கழித்த சிறு தொட்டி நீர் ஆடையில் தெறித்தால், கழுவிய பின்பே தொழ வேண்டும்.

ஒரு நாள் அச்சிறுவனின் மாமா என்னிடம், “நூறு இருநூறு ரூபாய் ஆமைக்கு இவ்வளவு செலவா, ஹஜ்ரத்?” என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் கேட்டது நியாயமற்ற கேள்வியன்று, மாதச் சம்பளக்காரர். நான் அவருக்குப் பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டினேன். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி அது. அப்பெண் பூனையை அடித்ததாக அதில் இல்லை. தானும் உணவளிக்கவில்லை, அது வெளியே சென்று பூச்சி புழுக்களைத் தின்னவும் விடவில்லை. அவள் நரகம் புகக் காரணம் அதுவே. அடைத்து வைத்தல் என்பதே ஒரு பொறுப்பு. ஆற்றில் இருக்கும் ஆமை தன் இரையைத் தானே தேடும். தொட்டியில் இருப்பது நம் கையை எதிர்பார்த்திருக்கிறது.

இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் மனிதர்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போன பிராணிக்கும் உரிமையாளன் செலவு செய்ய வேண்டும் என்று எழுதியுள்ளார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1262இல். பிராணி நலச் சங்கங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

மாமா ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஊசிக்கு அவரே அழைத்துச் சென்றார்.

சிறுவன்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை. தான் கவனிக்காததால் அல்லாஹ் தன்னைத் தண்டிப்பானா என்று ஒரு நாள் கேட்டான். அவனுக்கு அபூஉமைர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அச்சிறுவர் வளர்த்த சிறு பறவை இறந்துவிட்டது. துயரமுற்றிருந்த பிள்ளையிடம், அந்தப் பறவை என்னவாயிற்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செல்லமாகப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து இப்னுல் காஸ் (ரஹ்) என்னும் ஷாஃபி அறிஞர் அறுபது பயன்களை எடுத்து எழுதியிருக்கிறார். அவற்றையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிள்ளையின் பறவைக்காக நேரம் ஒதுக்கினார்கள் என்பதை மட்டும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இதைப் படித்துவிட்டு வயலிலோ ஓடையிலோ கண்ட ஆமையை எவரும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டாம். நட்சத்திர ஆமை முதலான நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றுள் ஒன்று அடிபட்டுக் கிடந்தால் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தச் செங்காது ஆமையோ அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. சலித்துப்போய் ஊருணியில் விட்டால் நம் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொள்ளும். பல பத்தாண்டுகள் வாழக்கூடியது, உணவுத் தட்டளவுக்கு வளரக்கூடியது என்று கடைக்காரர் சொல்வதில்லை. வாங்குமுன் நாம்தான் கேட்டறிய வேண்டும்.

ஓடு கூட மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அவ்வாறே ஆயிற்று. ரமலான் பிறை பார்த்த மறுநாள் சிறுவன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மீண்டும் வந்தான். வெடிப்பு இருந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்று மட்டும் தெரிந்தது. மாடியில் கைப்பிடிச் சுவருக்கு உட்புறம், தரையில், செங்கல் அடுக்கி அதற்கென வெயில் காயும் இடம் கட்டியிருப்பதாகச் சொன்னான். செங்கல் அடுக்கிக் கொடுத்தவர் மாமாவாம்.